வசம்புக் கரி

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால், தெரியாது.

சொன்னவர் மாசிலாமணி. பட்டிமன்றங்களில் அவரும் நானும் எப்போதும் எதிரெதிர் அணி. அவர் சொல்வதை மறுப்பது எனக்குத் தொழில். ஆனால் இதை அவர் மேடையில் சொன்னதே இல்லை. வேனில் ஊர் ஊராகப் போகும்போது எனக்கு மட்டும் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறாமல் வரும். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

கரும்பாறை என்ற குன்றின் அடியில், தகரக் கூரை போட்ட குடிலில் ஒரு சாமி இருந்தார். அவருக்குத் திக்குவாய். அந்தக் குடிலில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. சாமி ஒரு சொல்லுக்காகத் திணறும்போது யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

மாசிலாமணி அவருடைய சீடர். நடுவருக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிற மனிதர், அங்கே மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஒரே மகள், அல்லி. அப்போது ஒன்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மரபணுவில் ஒரு சிறு துண்டு பிறக்கும்போதே இல்லை என்றார்கள். அபூர்வமாக ஏதோ ஒரு குழந்தைக்கு வருவதாம். கேட்பாள், புரிந்துகொள்வாள், நிறையச் சிரிப்பாள், பேச்சு வருவது அரிது என்றார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, "இதுல படங்களை ஒட்டுங்க சார். தொட்டுக் காட்டிப் பேசட்டும்" என்றாள்.

மாசிலாமணி சோறு ஒட்டினார். தண்ணீர் ஒட்டினார். கக்கூஸ், ஊஞ்சல், அம்மா. நட்டநடுவில், மற்றதைவிடப் பெரிதாக, தன் படம்.

அல்லி எதையும் தொடவில்லை. அவருக்கும் அட்டையில் நம்பிக்கை இல்லை. அவருக்கு வேண்டியது 'அப்பா' என்ற சொல். ஒரே ஒரு தடவை, காதில் கேட்க வேண்டும். பேச்சு வரும் என்று யாரோ சொன்னதால் தினமும் காலையில் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தேய்த்தார். அவள் தினமும் அவர் கையைக் கடித்தாள்.

ஒருநாள் மனைவி கோமதியையும் அல்லியையும் குடிலுக்கு அழைத்துப் போனார்.

"உங்க சாமிக்கே பேச்சு திக்குது. இவளுக்கு எங்கேருந்து எடுத்துக் குடுக்கப் போறாரு?" என்றாள் கோமதி.

"மெதுவாப் பேசு. காதுல விழும்."

"விழட்டும். காது நல்லாத்தானே இருக்கு."

சாமி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். அல்லி நேராகப் போய் அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

"சாமியை அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மாசிலாமணி.

"அ... அவ சொன்னாளா?"

"இல்ல சாமி. எனக்குத் தெரியும்."

சாமி தாடியை அவள் கையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார். மாசிலாமணி வந்த காரியத்தைக் கேட்டார்.

"சாமி, என் மகள் எப்போ பேசுவா?"

"நா... நாலு நாள் இரு" என்றார் சாமி.

மறுநாள் காலை மாசிலாமணி வசம்பைத் தேய்ப்பதையும், அல்லி கடிப்பதையும் சாமி பார்த்தார். அட்டையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். கோமதி தண்ணீர் கொண்டுவந்தாள். சோற்றைத் தொட்டார். சோறு வந்தது. ஊஞ்சலைத் தொட்டுவிட்டு எழுந்து போய், புளியமரத்துக் கயிற்று ஊஞ்சலில் ஆடினார்.

அல்லி சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் ஒருவர் அந்த அட்டையில் பேசி அவள் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்த சாமி அட்டையில் எதையோ தேடினார். மேலிருந்து கீழே, மறுபடியும் மேலிருந்து கீழே. பிறகு வாயைத் திறந்தார்.

"வே... வே... வே..."

மாசிலாமணிக்குச் சொல் தெரிந்துவிட்டது. தொண்டை வரை வந்துவிட்டது. துண்டை வாயில் பொத்திக்கொண்டார்.

"வே... வேண்டாம் எங்கே?"

"அது எதுக்கு சாமி அவளுக்கு? வேணுங்கிறதைக் கேட்டாப் போதாதா?"

சாமி மீதமிருந்த சுட்ட வசம்பை எடுத்தார். தேனில் தோய்த்தார்.

"வா... வாயத் திற."

குரு சொன்னால் சீடன் திறக்கத்தான் வேண்டும். சாமி ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நாக்கில் அழுத்தித் தேய்த்தார். கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. மாசிலாமணி பேசப் போனார். சாமி அட்டையை அவர் முன்னால் வைத்து, இதில் சொல் என்று கை காட்டினார்.

அவர் தண்ணீரைத் தொட்டார். சாமி தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் மறுபடி தேய்த்தார்.

சோற்றைத் தொட்டார். ஒரு கவளம் ஊட்டிவிட்டு மறுபடி தேய்த்தார்.

கக்கூஸைத் தொட்டார். சாமி தோப்பைக் காட்டி, வசம்பும் கையுமாகக் கூடவே கிளம்பினார்.

கோமதி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, அம்மா படம் இருக்கே, தொட்டுப் பாருங்க. ஆனா நான் வரமாட்டேன்."

கடைசியில் மாசிலாமணி சாமியின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். "இன்னும் ஒரு தடவை தேய்ச்சிருந்தா கடிச்சிருப்பேன்யா" என்று என்னிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

சாமி உட்கார்ந்தார். அட்டையின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில், அந்த வசம்புக் கரியாலேயே ஒரு பெருக்கல் குறி போட்டார். கோமதி இன்னும் கொஞ்சம் சோறு போட வந்தபோது அதைத் தொட்டார். சோறு விழவில்லை. மாசிலாமணி அடுத்த பட்டிமன்றத் தலைப்பைப் பற்றி ஆரம்பித்தபோது கோமதி எட்டி வந்து அதைத் தொட்டாள். அன்று முழுவதும் அப்படியே போனது. தேய்ந்த கரியைச் சாமி மறுபடி மறுபடி போட்டார்.

அடுத்த நாள் காலை. மாசிலாமணி வழக்கம் போல வசம்போடு மகள் முன்னால் உட்கார்ந்தார்.

"அல்லிக்குட்டி, வாயத் திறம்மா."

சாமி அட்டையை அவள் மடியில் வைத்தார். காத்திரு என்று மாசிலாமணிக்குக் கை காட்டினார்.

அவள் கை எழுந்தது. காற்றில் எங்கோ போனது. விழுந்தது. மறுபடி எழுந்தது. சோற்றுக்கு மேலே நின்றது. நடுவில் இருந்த அப்பா படத்துக்கு மேலே நின்றது. அவள் கையைத் தானே பிடித்துப் படத்தில் வைத்துவிடலாமா என்று மாசிலாமணியின் கை துடித்தது. சாமி அவரைப் பார்த்தார். மாசிலாமணி தன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெயில் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிட்டது.

அவள் கை அட்டையின் ஓரத்துக்கு வந்து, கரியின் மேல் இறங்கியது.

விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் கன்னத்தில் பூசினாள்.

மாசிலாமணி வசம்பைக் கீழே போட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒன்பது வருஷமாக் காத்திருந்தேன் சாமி. முதல் வார்த்தையே 'வேண்டாம்'னு சொல்லிட்டாளே."

"மு... முதல் வார்த்தையா?" என்றார் சாமி. "உ... உன் கையப் பாரு."

மாசிலாமணி தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து விரல் வரை பல் தடம். பழையது, புதியது, ஆறியது, ஆறாதது.

அவர் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும்.

நான் விடமாட்டேன். "கை எங்கேயாவது விழத்தானே செய்யும், மாசி? ஓரத்துல விழுந்துச்சு. நீ அதைப் பேச்சுன்னு எடுத்துக்கிட்ட. தகப்பன் பார்க்க ஆசைப்படுறதைத்தான் பார்ப்பான்."

"நான் ஆசைப்பட்டது 'அப்பா'யா" என்பார் அவர். அதற்கு மேல் வாதாட மாட்டார். மேடையில் என்னைப் பத்து நிமிடம் கிழிக்கிற மனிதர், இதில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சாமி காலமாகிவிட்டார். கோமதியிடம் கேட்டிருக்கிறேன். "கசப்பு முகத்துல அவரைப் பார்த்திருக்கணுமே அண்ணே" என்று சிரிப்பதோடு சரி.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அல்லிக்கு இப்போது இருபத்தாறு வயது. நான் படியேறும்போதே சிரித்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய அட்டை. எத்தனையோ படங்கள். ஓரத்தில் அதே இடத்தில், கரிய நிறத்தில், பெருக்கல் குறி.

காபி வந்தது. நான் வழக்கம் போல மாசிலாமணியின் பக்கம் திரும்பி ஆரம்பித்தேன். "மாசி, அன்னைக்கு அந்தக் குடில்ல..."

பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடமாக அவரிடம் கேட்டேன், கோமதியிடம் கேட்டேன்.

காபியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அல்லியின் முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"அல்லி, அந்தக் கரியை நீயாத் தொட்டியாம்மா? இல்ல, கை தானா விழுந்துச்சா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.