ஒத்தைக் கண்ணு முகமூடி

தலகாணிய நேராப் போட்டுக்கோ. கால நீட்டு. அத்தை கதை சொல்வேன், நீ "ம்" போடணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், அதான் பேச்சு.

ஒரு ஊர்ல ஒரு முகமூடி இருந்துச்சாம். காகிதக் கூழ்ல செஞ்சது. அதுக்கு ஒத்தைக் கண்ணுதான்.

"ம்."

எங்க இருந்துச்சுன்னா, ஒரு பெரிய மியூசியத்துல. எந்த நாட்டுக்காரங்க என்ன உடுத்துவாங்க, எதைக் கட்டிக்கிட்டு ஆடுவாங்க, எல்லாத்தையும் கொண்டாந்து கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிற மியூசியம். ஆப்பிரிக்கா மரமூஞ்சி இருக்கும், ஜப்பான் வெள்ளை மூஞ்சி இருக்கும், இன்னும் எந்தெந்தச் சீமையோ. லீவு விட்டா, பிள்ளைங்கள அப்பா அம்மாவோட உக்கார வச்சு, "நீங்களும் ஒரு மூஞ்சி செய்யுங்க"ன்னு கூழைக் குடுப்பாங்க.

ஆனா ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்ம ஊர்ல சாமிக்குக் கடைசியாத்தானே கண்ணு திறப்பாங்க, அந்த மாதிரி முகமூடிக்கும் கண்ணு கடைசி. வலது கண்ணு பிள்ளை வரையணும், இடது கண்ணு கூட வந்த பெரியவங்க வரையணும். ரெண்டும் திறந்தாத்தான் லீவு கடைசி நாள் ஊர்வலத்துல மாட்டிக்கிட்டுப் போகலாம். இல்லாட்டி தண்ணித் தொட்டியில போட்டு ஊற வச்சிருவாங்க. திரும்பக் கூழாயிடும், அடுத்த லீவுப் பிள்ளைங்களுக்கு.

"ம்."

அந்த ஊர்ல பூவிழின்னு ஒரு குட்டி. அவ அப்பன் பேரு... பேரு எதுக்கு, அப்பன்னா அப்பன்தான். ரெண்டு பேரும் சளக் சளக்னு கூழைப் பிசைஞ்சாங்க. மூக்கு வச்சாங்க, அது அப்பன் மூக்கு மாதிரியே கோணலா வந்துச்சு. வெயில்ல காஞ்சதும் பூவிழி நீலக் கலர்ல ஒரு கண்ணு வரைஞ்சா, இமையெல்லாம் வச்சு. "அப்பா, இப்ப உங்க கண்ணு"ன்னு பிரஷ்ஷ நீட்டுனா. அப்போ பாத்து கிர்ர்ர் கிர்ர்ர்னு போனு. "ஒரே நிமிஷம் கண்ணு"ன்னு எந்திரிச்சுப் போனவன்தான். மரத்தடியில நின்னு பேசுறான் பேசுறான், மியூசியத்தையே சாத்துற நேரம் வந்துருச்சு. "நாளைக்கு வந்து வரைஞ்சிடலாம்"னான்.

"எங்கப்பாவும் இன்னும் வரையல அத்தே. நாளைக்குக் கடைசி நாளு."

தெரியும் தங்கம். இது வேற ஊரு, வேற அப்பன். நீ கேளு.

"ஏன் சத்தமாச் சொல்றீங்க?"

ஃபேன் கடகடங்குதுல்ல, அதான்.

அப்புறம், மறுநாள். முகமூடி அலமாரியில இருந்து ஒத்தைக் கண்ணால வாசலையே பாத்துச்சு. டக் டக் டக்னு செருப்புச் சத்தம். வந்துட்டாருன்னு நெனச்சுச்சு. பாத்தா வேற யாரோ ஒரு அப்பா, வேற பிள்ளைக்குக் கண்ணு வரைய வந்தவரு. இங்க வீட்டுல பூவிழி தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. அப்பன், "மீட்டிங் கண்ணு, நாளைக்கு"ன்னான்.

அதுக்கு மறுநாளும் டக் டக் டக். இந்தத் தடவை பெருக்குற அம்மா, வெளக்கமாத்தோட. சர்ர் சர்ர்னு பெருக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல அப்பன் போன்ல இருந்து தலையே நிமிரல, "நாளைக்குக் கட்டாயம்"னான். அப்போ ஆப்பிரிக்கா மரமூஞ்சி கண்ணாடிக்குள்ள இருந்து பெருமூச்சு விட்டுச்சாம். "எங்களக் கழட்டி வச்சவங்களும் இதோ வந்துடறோம்னுதான் சொன்னாங்க, தம்பி. அப்புறம் யாரும் வரல"ன்னுச்சாம்.

"ம்ம்."

கண்ணு சொக்குதா? இன்னும் கொஞ்சந்தான்.

கடைசி நாளும் வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்காவோட பூவிழி மட்டும் வந்தா. டம டம டம டம்னு மேளம். பிள்ளைங்க எல்லாம் மூஞ்சி மாட்டிக்கிட்டு வரிசையில நிக்குது. மியூசியத்து மிஸ்ஸு, "நேரமாச்சு கண்ணா, நானே அந்தக் கண்ண வரைஞ்சு விடட்டுமா?"ன்னு கேட்டாங்க. "வேணாம் மிஸ். அது எங்கப்பா கண்ணு. வந்துருவாரு"ன்னா. முகமூடிய மடியில வச்சுக்கிட்டு மியூசியத்து கேட் பக்கத்துலயே உக்காந்துட்டா. ஊர்வலம் அவளத் தாண்டிப் போச்சு. மேளச் சத்தம் சின்னதாகி, அப்புறம் கேக்கவே இல்ல.

முகமூடியத் தொபுக்னு தொட்டியில போட்டாங்க. மொதல்ல அந்தக் கோண மூக்கு கரைஞ்சுது. நீலக் கண்ணு மட்டும் கொஞ்ச நேரம் மேல பாத்துக்கிட்டே மெதந்துச்சு. அப்புறம் அதுவும் போச்சு.

பொழுது சாயுற நேரத்துல அப்பன் ஓடி வந்தான். கையில புதுப் பிரஷ்ஷு, கலர் டப்பா, அவனே வாங்கினது. சட்டைக் கையக் கூட மடிக்காம தொட்டிக்குள்ள கைய விட்டுத் துழாவினான். சளக் சளக். எல்லாம் வெள்ளைக் கூழு. விரல்ல துளி நீலம் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பாவமாத்தான் இருக்கு எனக்கும். ஆனா கூழுக்கு எங்க போய் கண்ணு வரையறது?

வீட்டுக்கு வந்தான். பூவிழி அழல. "பரவால்லப்பா"ன்னா, அவ்வளவுதான். அப்புறம் ஆண்டு விழா வந்துச்சு, காலேஜ் வந்துச்சு. எதுக்கும் அவ "அப்பா வாங்க"ன்னு கூப்பிடல. கோவம் இல்ல, அவளுக்குக் கூப்பிடத் தோணல. அப்பன் இப்ப ரிட்டையராகிட்டான். போனு அடிக்காம சும்மா கெடக்கு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, டக் டக்னு செருப்புச் சத்தம் கேட்டா நிமிந்து பாக்கிறான். வேற யாராவது போறாங்க.

"ம்" எங்கடி தங்கம்?

தூங்கிட்டா. விரல்ல அந்த நீலக் கலரு இன்னும் போகல பாரு. சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவுனேன்.

"ம்."

யாரு, நீயா? கதவுகிட்ட எப்ப வந்து நின்ன? டொக்கு டொக்குன்னு லேப்டாப்புல தட்டுற சத்தம் கூடத்துல நின்னுச்சேன்னு பாத்தேன். நான் பிள்ளைக்குத்தான் கதை சொன்னேன் தம்பி.

"அக்கா, நாளைக்கு நான்..."

இவ்வளவு நேரம் நான் சொன்னது அந்த 'நாளைக்கு' கதைதான்.

"எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

பத்து மணிக்கு. போறப்ப போனை என்கிட்ட குடுத்துட்டுப் போ. யாரு கூப்பிட்டாலும் நான் பேசிக்கிறேன். சரி சரி, அந்தக் கோண மூக்க உறிஞ்சாத, பிள்ளை முழிச்சுக்கும். கதை அவ்வளவுதான். அவ தூங்கியாச்சு, நீயும் போய்ப் படு.