வாசலில் ஒரு வியர்டோ

கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் வாசலுக்கு ஆண்டியப்பன், குப்புராஜ், நஞ்சப்பன் என்று மூன்று வாட்ச்மேன்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே விசில். கடமையுணர்ச்சி மட்டும் ஆளுக்கொரு மூட்டை.

அன்று மாலை, குடியிருப்புச் செயலாளர் வைதேகியின் மகள் சாருலதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். உள்ளே ஒரு வியர்டோ இருந்தாலும் மூவருக்கும் வேலை போய்விடும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார் வைதேகி.

வியர்டோ எப்படியிருக்கும் என்று சாருலதாவையே கேட்டார்கள். அவள் பொறுமையாக விளக்கினாள். வியர்ட் என்றால் விநோதம். அதன் வாலில் ஒரு 'ஓ' ஒட்டினால் விநோதமான ஆள். நோயைச் சொல்லும் 'சிக்' என்ற சொல்லில் அதே 'ஓ' ஒட்டினால் சிக்கோ, வக்கிரம் பிடித்தவன். ஒரு மனிதனை ஒதுக்கிவைக்க அவ்வளவு சின்ன எழுத்து போதும்.

"அந்த ஓ எங்கிருக்கும் அம்மிணி, முதுகுலயா?" என்றார் குப்புராஜ்.

"அதெல்லாம் தெரியாதுங்ணா. ஒரே இடத்துல நின்னுட்டு, போறவங்க வர்றவங்களையெல்லாம் மொறச்சுப் பாத்துட்டே இருந்தா, அவன்தான்."

மூவரும் நின்று கவனித்தார்கள். பட்டப்பகலில் ஒருவன் யார் வீட்டு டிவியையோ தோளில் சுமந்து வெளியே வந்தான். நிற்கவில்லை, யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தங்கமான பிள்ளை என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் நஞ்சப்பனுக்கு வியர்த்தது.

"ஏப்பா, காலையிலிருந்து இங்கயே நின்னு எல்லாரையும் மொறச்சது யாரு?"

மூவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள்.

"நாமதான்," என்றார் ஆண்டியப்பன். "வெளிய போயிட்டா வேலை தப்பிச்சுது."

வெளியே வந்து கேட்டைப் பூட்டினார்கள். வியர்டோ கையில் சாவி இருக்கலாமா? கம்பி வழியாக உள்ளே வீசிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். கேட்டைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள். பிறகு வேறு வழியில்லாமல் ஒரே இடத்தில் நின்று முறைத்தார்கள். நஞ்சப்பன் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க. நீங்களும் நம்ம ஆளுங்கதானுங்களா."

சத்தம் கேட்டு மாடி பால்கனிக்கு வந்த வைதேகி, கேட்டையும் கூட்டத்தையும் கண்டு அப்படியே நின்றார். அசையவில்லை. முறைத்துக்கொண்டே இருந்தார்.

குப்புராஜ் பால்கனியை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆண்டியப்பா, விசிலை ஊது. உள்ள ஒண்ணு இருக்குது."