மாறாத வட்டங்கள்

“என் மக வீட்டை விட்டுப் போயிட்டா, டீச்சர்” என்றார் அரியநாயகம். “இனிமே அப்பான்னு யாரும் எனக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கா. ஒரு தோழி வீட்டுக்குக்கூடத் தனியா அனுப்பாம, அவ்வளவு பத்திரமா வளர்த்தேன். நான் என்ன குறை வச்சேன்?”

தகட்டை அழுத்தும்போது உலோகம் எப்படி நகர்கிறது, எப்படி நீள்கிறது என்று பட்டறையில் சொல்லித் தருபவர் குமுதவல்லி. வயதில் அரியநாயகத்தைவிட மிகவும் சிறியவர்.

“ஒரு கிண்ணம் அழுத்துங்க, அண்ணே.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அரியநாயகம் ஒரு தகட்டை எடுத்தார். தகடு எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிவதற்காக, வழக்கம்போல அதன் மேல் சின்னச் சின்ன வட்டங்களை அச்சிட்டார். தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து, அதன் ஓரத்தை அமுக்கிப் பிடிக்கும் வளையத்தை முடுக்கினார். இன்னும் கொஞ்சம் முடுக்கினார்.

பிரஸ் இறங்கியது.

டப்பென்று ஒரு சத்தம். கிண்ணம் அடிப்பக்கத்தில் கிழிந்திருந்தது.

“மட்டமான தகடு, டீச்சர்.”

“போன வாரமும் தகடுதான் மட்டம்னீங்க.”

குமுதவல்லி கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“கிழிசலை விடுங்க, அண்ணே. மாறாத வட்டம் எங்கே இருக்கு?”

அரியநாயகம் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசலுக்குப் பக்கத்தில் வட்டங்கள் முட்டை வடிவமாக இழுபட்டிருந்தன. வளையத்துக்கு அடியில் இருந்த ஓரத்தில் மட்டும், போட்டது போட்டபடி இருந்தன.

“ஓரத்தில. அங்கே தகடு நகரவே இல்லை.”

“அது கொஞ்சம் உள்ளே வந்திருந்தா, நடுவில இருந்தது இவ்வளவு நீண்டிருக்க வேண்டாம். ஏன் வரலை?”

“நான் விடலை.”

“ஏன்?”

“விட்டா ஓரத்தில சுருக்கம் விழும். பார்க்கிறவங்க சிரிப்பாங்க.”

“சுருக்கம் விழுந்தா என்ன செய்வோம்?”

“ஓரத்தை வெட்டி எடுத்துடுவோம்.”

“கிழிஞ்சா?”

அரியநாயகத்தின் கை வளையத்துக்குப் போனது.



“இப்ப தளர்த்தினா, டீச்சர்?”

“இந்தக் கிண்ணம் இனிச் சேராது, அண்ணே. அடுத்த தகட்டுக்கு ஆகும்.”

“எனக்கு ஒரே மகதான், டீச்சர்.”