ரோசி உட்கார்ந்த இடம்

"நாய் பொய் சொல்லுமா மேடம்?"

கேட்டவர் ஏட்டு சவரிமுத்து. ஐம்பத்து மூன்று வயது. ஆறு வருஷமாகப் போலீஸ் நாய் ரோசியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர். காலை ஏழு மணிக்குப் பல் கூடத் துலக்காமல் பயிற்சி மைதானத்தில் வந்து நின்றார். நின்றார் என்று சொன்னதே தப்பு. அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தார்.

பயிற்சியாளர் பொற்கொடிக்கு முப்பத்தொன்று. நாய்த் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"என்ன ஆச்சு ஏட்டய்யா?"

"மரக்கடைக்குத் தீ வச்ச கேசு. அங்க ஒரு துண்டு கிடந்துச்சு. ரோசிக்கு மோந்து பாக்கக் கொடுத்தோம். வேலையாளுங்க எட்டுப் பேரை வரிசையா நிறுத்தினோம். காசிலிங்கம்னு ஒருத்தன் முன்னால போய் உக்காந்துடுச்சு."

"சரி."

"அவன் பொண்டாட்டி நேத்துலேருந்து ஸ்டேஷன் கேட்லயே நிக்கிறா. அழல, கத்தல. 'ஐயா, அந்த நாய்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க'ங்கிறா. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது மேடம். மத்தியானம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க."

பொற்கொடி கையை உதறிவிட்டு எழுந்தார்.

"கேட்டுடுவோம்."

மைதானத்துச் சமையல்காரரின் துண்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். அந்த மனுஷனுக்கு இருந்ததே அது ஒன்றுதான், பாவம். ஏட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, எட்டுப் பூந்தொட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். ஒன்றின் அடியில் பாதித் துண்டு. மீதிப் பாதி ரோசிக்கு மோந்து பார்க்க.

பிறகு ஏட்டின் காதருகே வந்து சொன்னார்:

"ஆறாவதுல வச்சிருக்கேன். ரோசிகிட்ட சொல்லிடாதீங்க."

"சேச்சே! நான் ஏன் சொல்றேன்?"

ரோசி ஒவ்வொரு தொட்டியாக மோந்தது. மூன்றாவதில் கொஞ்சம் தயங்கியது. ஏட்டு தன் பாட்டுக்கு நடந்தார். கழுத்து வார் இழுத்தது. ரோசியும் நகர்ந்தது.

ஆறாவதில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா! என் தங்கம்!"

ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"இது பொய் சொல்லாது மேடம். தீ வச்சது அந்தப் பயதான்."

பொற்கொடி ஆறாவது தொட்டியை நிமிர்த்தினார்.

ஒன்றும் இல்லை.

மூன்றாவதை நிமிர்த்தினார். துண்டு கிடந்தது.

ஏட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன மேடம் விளையாடுறீங்க? ஆறுன்னு சொன்னீங்களே!"

"உங்ககிட்டதான் சொன்னேன்."

"நான் வாயே திறக்கலையே!"

"திறக்கல."

ரோசி பந்தைக் கவ்விக்கொண்டு வந்து, அவர் முகத்தையே பார்த்தபடி வாலை ஆட்டியது. ஏட்டு கையிலிருந்த வாரைப் பார்த்தார்.

"ஆறாவதுகிட்ட நான் நின்னேனா?"

"நின்னீங்க. மூச்சையும் பிடிச்சீங்க."

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம்.

"காசிலிங்கம் பேரு உங்களுக்கு எப்போ தெரியும் ஏட்டய்யா?"

"ஜீப்ல போகும்போதே தெரியும். முதலாளிகிட்ட சண்டை போட்டவன் அவன்தான், வேற எவனும் இல்ல, சிவப்புச் சட்டை போட்டிருப்பான்னு இன்ஸ்பெக்டர்..."

நடை நின்றுவிட்டது.

பொற்கொடி திரும்பிப் போய்த் தட்டைக் கழுவ உட்கார்ந்தார்.

ஏட்டு ரோசியைக் கூண்டில் விட்டார். வண்டியை உதைத்தார். முதல் உதையில் அது கிளம்பவில்லை. சனியன், சனியன் என்று வண்டியைத் திட்டினார். வண்டியைத்தானா திட்டினார், தெரியவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் காகிதங்களைக் கோர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏட்டு நடுவிலிருந்து தன் அறிக்கையை உருவினார்.

"நாய் காட்டிய நபர்: காசிலிங்கம்" என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

பேனாவை எடுத்தார். ஒரே ஒரு எழுத்தை அடித்தார். மேலே இன்னொன்றை எழுதினார்.

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"யோவ் ஏட்டு! கோர்ட்டுக்குப் போற பேப்பர்ல என்னய்யா கிறுக்குற?"

"எழுத்துப் பிழை சார்" என்றார் சவரிமுத்து. "'நாய்' இல்ல. 'நான்'."