மைக் யார் கையில்?

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்த இருபது பேருக்குப் பயிற்சி வகுப்பு. பாடம் நடத்த வந்தவர் கஜபதி, பெரிய மின் நிறுவனம் ஒன்றை நடத்தி ஓய்வு பெற்றவர். ஒன்பதரைக்கு மைக்கைப் பிடித்தவர் பன்னிரண்டு வரை தன் பெருமையைத்தான் பாடினார். கை தூக்கியவர்களையெல்லாம் "அப்புறம்" என்று உட்கார வைத்தார்.

"சந்தையைச் சும்மா விட்டாலே எல்லாம் தானா சரியாகிடும். உங்க ஆணையம் எதுக்கு? ஒரே நிமிஷத்துல சொல்லுங்க. இல்லைன்னா ஒருத்தர் சான்றிதழ்லயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. கடைசி வரிசையில் கோவில்பட்டி இசக்கியம்மாள் எழுந்தாள்.

"மைக் குடுங்க சார்."

"அங்கேயிருந்தே பேசும்மா."

அவள் உதட்டை மட்டும் விறுவிறுவென்று அசைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே!"

"எப்படிக் கேக்கும் சார்?" என்று குரலை உயர்த்தினாள். "பேச்சு எல்லார்கிட்டயும் இருக்கு, மைக் உங்ககிட்ட மட்டும்தான இருக்கு? மின்சாரத்தையும் யார் வேணும்னாலும் தயாரிக்கலாம். கொண்டுபோற கம்பி ஒருத்தர் கையிலயே இருந்தா மத்தவங்க இப்படி வாயசைக்க வேண்டியதுதான். எல்லாருக்கும் முறை வச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணாமா?"

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பயிற்சி இயக்குநர் மெஹருன்னிசா மேடையேறி, மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டார். கஜபதி பதில் சொல்ல வாயெடுத்தார். இயக்குநர் மைக்கில் குறுக்கிட்டார்.

"உங்களுக்கு முன்னாடி பத்தொன்பது பேர் இருக்காங்க சார். அதுவரைக்கும் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டு இருங்க, முறை வந்ததும் கூப்பிடுறேன்."