எரிச்சல் தெரியாத செல்கள்

கல்யாணமான புதிதில், குழந்தைவேலு கல் கிரஷரிலிருந்து சைக்கிளில் வரும்போது தெருமுனை திரும்பும் முன்பே அவருடைய சீழ்க்கை கேட்கும். முழுப் பல்லவியும் ஒரே மூச்சில்.

அந்தச் சத்தம் நின்று பல வருஷம் ஆயிற்று. இப்போது நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

கல்தூள் நுரையீரலைக் கெட்டிப்படுத்திவிட்டது, இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம். சொன்னது அவர் மனைவி தையல்நாயகியிடம். அவள் கணவரிடம் சொன்னது, "வெறும் சளிதானுங்க."

நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் அவள். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை ரெஹானா அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"மேடம், நகர மாட்டேங்குதுங்க," என்றாள் நாயகி.

ஆய்வகத் தட்டில் நுரையீரல் செல்களைப் படர வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறியிருந்தாள். இரண்டு ஓரத்துச் செல்களும் ஊர்ந்து வந்து கீறலை மூட வேண்டும். ஒரு நாள் ஆகியும் கீறல் அப்படியே இருந்தது.

ரெஹானா நுண்ணோக்கியில் குனிந்தார்.

"செத்துப்போச்சுங்களா?"

"எங்கே! விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சொகுசா இருக்குதுங்க. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற மருந்து எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சு மடங்கு."

"அஞ்சா? ஏன்க்கா?"

"ஆக்சிஜனேற்றம் செல்லைப் பொசுக்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்சங்கூட எரியக் கூடாதுன்னு…"

"அதிகமானா பொசுக்கும்." ரெஹானா நிமிர்ந்தார். "கீறின உடனே ஓரத்துல லேசா எரியும். அந்த எரிச்சல்தான் பக்கத்துச் செல்லுக்குச் சேதி. நீங்க அதையும் துடைச்சுட்டீங்க."

"அப்ப இதுகளுக்கு…"

"காயம் பட்டதே தெரியாதுக்கா."

நாயகி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இன்னைக்கு நான் சீக்கிரம் போகட்டுங்களா?"

"போங்க," என்றார் ரெஹானா. ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் அவள் டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமாச்சுங்க."

"ரெண்டு மாசமா கிரஷர்ல பதினோரு பேரு அதே தூசியில நிக்கிறாங்க, நாயகி."

மறுநாள் காலை கிரஷருக்குப் போனார். அதன்பிறகு ஒவ்வொருவராக எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனார். ஒன்பது பேருக்கு எடுத்தாயிற்று.

தை பதினாறாம் தேதி குழந்தைவேலு இறந்துபோனார்.