வில்லனுக்கு ஒரு சதுரங்கப் பலகை

"மேடம், நம்ம சினிமாவில வில்லன் ஏன் எப்பவும் செஸ் ஆடிக்கிட்டே இருக்கான்?" என்று சவரிமுத்து கேட்டார்.

கோமதி அடுத்து எடுக்க வேண்டிய காட்சிகளின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி திரைப்பட இயக்குநர். சவரிமுத்து அவரிடம் உதவி இயக்குநர். சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். பல இயக்குநர்களிடம் வேலை பார்த்து, தலை நரைத்து, தனியாக ஒரு படமும் அமையாமல், "உங்ககிட்ட கத்துக்கணும் மேடம்" என்று வந்து சேர்ந்தவர். கோமதி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பின் நடுவில் இருந்த ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. முன் ஹாலில் வில்லனுக்காக ஒரு பெரிய நாற்காலியும் மேஜையும் போட்டிருந்தார்கள். மேஜைமேல் சதுரங்கப் பலகை. சவரிமுத்து போய் அதைத் திருப்பி வைத்தார்.

"வலது கைப் பக்கத்து மூலையில வெள்ளைக் கட்டம் வரணும். எந்தப் படத்திலயும் சரியா வெச்சதே இல்ல. வில்லன் போன்ல 'முடிச்சுடு'ன்னு சொல்லுவான், சிரிச்சுக்கிட்டே ஒரு ராஜாவைத் தட்டிவிடுவான். எதிர்ல ஆடுறதுக்கு ஆளே இருக்காது. பேப்பரைத் திறந்தா எவனாவது ஒருத்தன் காய் நகர்த்துறான், இன்னொருத்தன் செக் வைக்கிறான். அதுல பாதிப் பேருக்குக் குதிரை எப்படிப் போகும்னே தெரியாது."

"நீங்க நல்லா ஆடுவீங்களா அண்ணே?"

"தூத்துக்குடியில காலேஜ் டீம்ல இருந்தேன் மேடம்."

கோமதி தாள்களை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப இந்த சீனை நீங்க எடுங்க."

சவரிமுத்து தாளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆக்‌ஷன் நான் சொல்லணுமா?"

"நீங்கதான் சொல்லணும். நாளன்னிக்கு எடுக்கலாம்."

அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டு மறுபடியும் கோமதியிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மாதிரி ஒருத்தன், நாலு பேரைக் கொன்னவன், நிஜமாவே செஸ் ஆடினா எப்படி ஆடுவான்? அது மட்டும் தெரிஞ்சா எடுத்துடுவேன்."

கோமதி தலையைத் திருப்பி வராந்தாவைப் பார்த்தார். அங்கே பங்களாவின் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அவர்கூட ஆடிட்டு வாங்க" என்றார்.

*

அவர் பெயர் கிட்டுசாமி. ஒல்லியான உடம்பு, எழுபதை நெருங்கிய வயது. வெளுத்த பனியனும் வேட்டியும்தான் உடுப்பு. தோப்பு வழியாகப் பைக்கில் போகிறவர்கள் அவர் வீட்டு கேட் வரும்போது இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். வந்த முதல் நாளே தயாரிப்பு மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவரை ஐயா என்று கூப்பிட வேண்டும். தோப்புக்குள்ளே ஒரு கிணறு இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சவரிமுத்து பலகையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"ஐயா, சும்மா ஒரு ஆட்டம் ஆடலாமாங்க?"

கிட்டுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, என்னையப் பாத்துச் சிரிக்கறதுக்கா?"

"இல்லீங்க ஐயா."

"கோயில் நோம்பிக்கு நம்ம பசங்க ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. நான் இந்தப் பலகைக்கு முன்னால உக்காந்திருக்கற மாதிரி. காய் நகர்த்தும் சிங்கமாம். எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. கேக்கறதுக்கும் ஆளில்ல. நீங்க சொல்லிக் குடுங்க."

சவரிமுத்து எதிரில் உட்காரப் போனார்.

"அங்க வேண்டாங்க. கேட் மறைக்குது."

நாற்காலிகளை மாற்றிப் போட்டார்கள். கிட்டுசாமி சுவரை ஒட்டி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரம், ஒருவர் நின்றிருந்தார். பெயர் சென்னியப்பன். ஐயாவோடு இருபது வருஷமாக இருப்பவர். இளநீரைக்கூட ஐயாவின் கண்ணெதிரில் வெட்டித்தான் கொடுப்பார்.

சவரிமுத்து ஒவ்வொரு காயாகச் சொல்லிக்கொடுத்தார். கிட்டுசாமிக்கு எதுவும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ராஜாவுக்கு எத்தனை கட்டமுங்க?"

"ஒரு கட்டந்தாங்க ஐயா."

"அத்தனை பெரிய ஆளுக்கு ஒரே கட்டமா."

"ஆமாங்க."

"சிப்பாயால திரும்பி வர முடியாது. ராஜாவால ஓட முடியாது." அவர் ராஜாவைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். "சரி. ஆடலாமுங்க."

ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் யானையைக் காவலுக்கு நிறுத்தும் விதியைச் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது. அதை உடனே செய்தார். அதுவும் போதவில்லை. ராஜாவை இன்னும் ஒரு கட்டம் தள்ளி மூலைக்கே கொண்டுபோனார். யானையை அதன் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். முன்னால் இருந்த சிப்பாய்களைத் தொடவே இல்லை. சவரிமுத்து ஒரு காயைச் சும்மா நீட்டிப் பார்த்தார். அவர் வெட்டவில்லை. தொலைவில் நின்ற காய்களையும் ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எங்கோ ஒரு பைக் சத்தம் கேட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. சத்தம் தேய்ந்து மறையும்வரை காய் கீழே இறங்கவில்லை.

சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட வந்தது மறந்துபோயிற்று. அடுத்த நகர்த்தலுக்காகக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

அவருடைய குதிரை ஒரே ஒரு தாவல் தாவினால் போதும். ஆட்டம் முடிந்தது. கிட்டுசாமியின் ராஜா மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் சொந்த யானை, முன்னால் சொந்தச் சிப்பாய்கள். நகர ஓர் இடமில்லை.

அவர் விரல் குதிரையை நோக்கிப் போயிற்று. பிறகு விலகி, வேறு ஏதோ ஒரு சிப்பாயைத் தள்ளிவைத்தது.

கிட்டுசாமி பலகையைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னத்தையோ பாத்தீங்க தம்பி."

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"பாத்தீங்க. அப்பறம் மறைச்சுட்டீங்க. என்ன அது?"

குரல் உயரவில்லை. அதுதான் சவரிமுத்துவை அதிகம் கலக்கியது. சிப்பாயைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, குதிரையை எடுத்தார். பக்கத்துக் காயில் இடித்து அது டக்கென்று ஒலித்தது. கட்டத்தில் வைத்தார்.

"செக் ஐயா. அவ்வளவுதாங்க."

கிட்டுசாமி ஒரு பக்கம் ராஜாவை நகர்த்தப் பார்த்தார். யானை. முன்னால் பார்த்தார். சிப்பாய்.

"இதெல்லாம் நம்ம ஆளுகதானே?"

"ஆமாங்க."

"இவனுக வழி விட்டா?"

"விட்டாலும் பிரயோஜனமில்லீங்க. இப்ப உங்க முறைதான். ஆனா எதை நகர்த்தினாலும் ராஜா குதிரைக்கு முன்னாலயே இருப்பாருங்க."

"இந்தக் குதிரை எப்ப வந்துச்சு?"

சவரிமுத்து குதிரை முன்பு நின்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அது ரொம்ப நேரமா பக்கத்துலதாங்க நின்னுச்சு. நீங்க ஆளுகளையே பாத்துட்டு இருந்தீங்க."

கிட்டுசாமி மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்ற சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கையில் துடைக்க எதுவும் இல்லை.

"பலகையை எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் கிட்டுசாமி.

*

மறுநாள் காலையில் சென்னியப்பனைக் காணவில்லை. வராந்தாப் படியில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

காபி கொண்டுவந்த சமையல்கார அம்மாளிடம் சவரிமுத்து கேட்டார்.

"அவர் எங்கம்மா?"

"தெரியாதுங்க."

"ஊருக்குப் போயிட்டாரா?"

"கேக்காதீங்க சார். காபி ஆறுது, குடிங்க."

மதியம் யாரோ அந்தச் செருப்பை எடுத்துவிட்டார்கள். சவரிமுத்துவின் கால்கள் தோப்பின் பக்கமாக இரண்டு தரம் போயின. இரண்டு தரமும் முதல் வரிசைத் தென்னைகளோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஆனால் காட்சி அவருக்குள் முழுதாக வந்துவிட்டிருந்தது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. வில்லன் சுவரை ஒட்டி உட்கார வேண்டும். கண் வாசலில் இருக்க வேண்டும். போனில் கொலைக்கு உத்தரவு கொடுத்ததும் அவன் சிரிக்கக் கூடாது. வெளியே ஒரு வண்டிச் சத்தம் கேட்க வேண்டும், கை அந்தரத்தில் நிற்க வேண்டும். பிறகு தன் பின்னால் நிற்கும் ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவர் கண்முன் வந்ததில்லை. சாயங்காலம் கோமதியிடம் சொன்னார். கோமதி எழுந்து நின்றே கேட்டார்.

"இப்படியே எடுங்க அண்ணே" என்றார்.

*

காட்சி நாள். விளக்குகள் தயார். வில்லன் நடிகர் பட்டுச் சட்டையோடு வந்தார். சவரிமுத்து அவரைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போய், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது கிட்டுசாமி ஹாலுக்குள் வந்தார். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் அதைக் கேட்டைப் பார்க்கிற மாதிரி லேசாகத் திருப்பி, இயக்குநர் காட்சியைப் பார்க்கும் மானிட்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம தம்பிதான் எடுக்குதுங்களா?"

"ஆமாங்க ஐயா" என்றார் கோமதி.

"எடுங்க தம்பி. நானும் பாக்கறேன்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். கிட்டுசாமிக்குப் பின்னால் அன்று யாரும் நிற்கவில்லை. அந்த வெறும் சுவரையே சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் சுவர்ப் பக்கம்தான உட்காரணும்?" என்று நடிகர் கேட்டார்.

"வேண்டாம் சார்."

"அப்ப?"

"பெரிய நாற்காலியில உட்காருங்க. வாசலுக்கு முதுகு காட்டி. கால் மேல கால் போட்டுக்குங்க."

"போன் பேசினதும்?"

"சிரிங்க. சிரிச்சுக்கிட்டே ராஜாவைத் தட்டிவிடுங்க."

கோமதி மானிட்டர் முன்னாலிருந்து நகர்ந்து இடம் விட்டார்.

சவரிமுத்து மானிட்டர் முன்னால் வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க வேறு யாரோ சொல்லக் கேட்ட வார்த்தையைச் சொன்னார். குரல் பிசிறியது. நடிகர் பிரமாதமாகச் செய்தார். ஒரே டேக். ராஜா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. யூனிட் கைதட்டியது.

கிட்டுசாமி முகத்தில் சிரிப்புப் படர்ந்தது. அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை.

"பாருங்க, ஒருத்தனுக்கும் அஞ்சல. இப்படித்தானுங்க இருக்கோணும்." எழுந்து வந்து சவரிமுத்துவின் தோளில் கை வைத்தார். "தம்பி, எனக்கும் இதே மாதிரி ஒரு போட்டோ வேணும். அடுத்த நோம்பிக்கு ஃப்ளெக்ஸ் போடலாம்."

அவர் வில்லனின் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலுக்கு முதுகு. கால் மேல் கால். முகத்தில் அதே சிரிப்பு. புகைப்படக்காரர் க்ளிக் செய்ததும், இன்னொன்று எடுக்கலாம் என்று சொல்வதற்குள், எழுந்து சுவர்ப் பக்கம் போய்விட்டார்.

*

படப்பிடிப்பு முடிந்து வேனில் திரும்பும்போது சவரிமுத்து கோமதிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தோப்பு தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, ஊர் வெளிச்சம் தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்ககிட்ட சொன்ன மாதிரிதான் எடுக்க நினைச்சேன்."

"தெரியும் அண்ணே."

"அவர் வந்து உட்கார்ந்ததும் உடம்பு ஆட ஆரம்பிச்சுடுச்சு. அந்த சென்னியப்பன் மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னால வந்தது. என்னால முடியல."

கோமதி ஜன்னலை ஏற்றிவிட்டார்.

"என்னை மட்டும் தப்பா நினைக்காதீங்க மேடம். வேற எந்த லொக்கேஷனா இருந்தாலும் சரியா எடுத்திருப்பேன்."

"எல்லா லொக்கேஷன்லயும் யாராவது ஒருத்தர் வந்து மானிட்டர் பக்கத்துல உட்கார்ந்துடறாங்க, அண்ணே."